சின்னச் சிப்பாய் நடந்த தூரம்

2013 செப்டம்பர் 3 அன்று இங்கிலாந்தில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் காலமானார். அப்போது அவருக்கு வயது 95. தமிழ்நாட்டில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. மேசைமேல் விரலளவுச் சிப்பாய்ப் பொம்மைகளை அணிவகுத்து நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து, பகடை உருட்டி, பழைய போர்களை மறுபடி நடத்திப் பார்க்கும் ஒரு விளையாட்டு இருக்கிறது. அந்த விளையாட்டைச் சாதாரண மனிதர்களின் வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் அவர். அவருக்கு ஓர் அஞ்சலி எழுத வேண்டுமென்றால், அவர் கையில் எடுத்த அந்தச் சின்னச் சிப்பாய் எங்கிருந்து கிளம்பி எந்தெந்த ஊர் வழியாக அவரிடம் போய்ச் சேர்ந்தான் என்பதைச் சொல்வதுதான் பொருத்தம். அந்தக் கதையை கூமாப்பட்டியிலிருந்தே தொடங்கலாம்.

விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கூமாப்பட்டி. 2025இல் ஓர் இன்ஸ்டாகிராம் வீடியோ இந்த ஊரின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிளவக்கல் அணையைத் தேடி வெளியூர் வண்டிகள் வந்தன. வந்தவர்கள் தண்ணீரையும் தென்னந்தோப்பையும் மலையையும் பார்த்துவிட்டுப் போனார்கள். இந்த அடிவாரத்து மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருக்கும் இன்னொன்றையும் அவர்கள் பார்த்திருக்கலாம். அது ஆடு புலி ஆட்டம்.

பாறையில் கீறிய போர்க்களம்

தமிழ்நாட்டின் பழைய கோயில் மண்டபத் தளங்களில், குளத்துப் படிக்கட்டுகளில், மேய்ச்சல் நிலத்துப் பாறைகளில் முக்கோண வடிவக் கோடுகள் கீறப்பட்டிருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். உச்சியிலிருந்து கோடுகள் விரிந்து இறங்கும். குறுக்குக் கோடுகள் அவற்றை வெட்டும். பரவலாக ஆடப்படும் வடிவத்தில் 23 சந்திப்புகள் இருக்கும். ஒருவர் கையில் 3 புலி, மற்றவர் கையில் 15 ஆடு. காய்களுக்குக் காசு செலவில்லை. புளியங்கொட்டை ஆடாகும், கூழாங்கல் புலியாகும். ஆட்டுக்காரர் ஒவ்வொரு ஆடாக இறக்குவார். புலி தாண்டி வெட்டும். வெட்ட இடம் கொடுக்காமல் ஆடுகள் ஒன்றுக்கொன்று துணையாக நெருங்கி நின்றால் புலி கட்டுண்டு போகும்.

இந்த ஆட்டத்தின் அருமை இரண்டு பக்கமும் சமமில்லை என்பதில்தான் இருக்கிறது. புலிக்குப் பலம் உண்டு, எண்ணிக்கை இல்லை. ஆட்டுக்கு எண்ணிக்கை உண்டு, தனித்தனியே எந்தப் பலமும் இல்லை. புலிக்காரர் வெல்லும் வழி வேறு, ஆட்டுக்காரர் வெல்லும் வழி வேறு. அதனால்தான் ஆடத் தெரிந்தவர்கள் ஒரு ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறி உட்காருவார்கள். உலகத்தில் நடந்த போர்களில் சமமான இரண்டு படைகள் சமமான நிலத்தில் மோதியவை மிகச் சில. ஒரு பக்கம் பீரங்கி இருந்தால் மறுபக்கம் காடு இருக்கும். ஒரு பக்கம் பயிற்சி இருந்தால் மறுபக்கம் நிலம் தெரிந்த கால்கள் இருக்கும். போரின் இந்தக் குணத்தை ஆடு மேய்க்கிறவர் பாறையில் கரியால் கோடு போட்டே விளையாடினார்.

இந்த மண்ணில் ஆட்டக்காய்க்கு வயது அதிகம். இதே விருதுநகர் மாவட்டத்தில், வைப்பாற்றின் வடகரையில், வெம்பக்கோட்டை விஜயகரிசல்குளத்தின் மேட்டுக்காட்டில் 2022 முதல் தொல்லியல் துறை தோண்டியபோது, சங்கு வளையல்களோடும் மணிகளோடும் சுடுமண் ஆட்டக்காய்களும் வெளியே வந்தன. கீழடியிலும் ஆட்டக்காய்களும் பகடையும் கிடைத்திருக்கின்றன. அவற்றை வைத்து என்ன ஆட்டம் ஆடினார்கள், எந்தக் காய்க்கு என்ன பெயர் என்பது மண்ணோடு போய்விட்டது. ஆனால் விரல் நுனியில் பிடிக்கும் அளவில் ஒரு காய் செய்து, அதைச் சுட்டு, அதற்கு ஓர் உயிர் இருப்பதாகப் பாவித்து நகர்த்திய மனிதர்கள் வைப்பாற்றங்கரையில் வாழ்ந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. பிளவக்கல் மலையில் பெய்யும் மழையும் அர்ஜுனா நதி வழியாக அந்த வைப்பாற்றைத்தான் சேர்கிறது.

நால்வகைப் படை மேற்கே போனது

காய்க்குப் படைவீரன் என்ற வேடத்தை முழுமையாகப் போட்டுவிட்டது சதுரங்கம். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையை எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் நிறுத்திய இந்த ஆட்டம், குப்தர் காலத்தை ஒட்டி, ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டில் வட இந்தியாவில் உருவானது என்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். அங்கிருந்து அது பாரசீகம் போனது. பாரசீகத்தை அரபுகள் வென்றபின் அரபு உலகம் முழுக்கப் பரவியது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அதற்கென்றே புத்தகம் எழுதும் வல்லுநர்கள் இருந்தார்கள். ஸ்பெயின் வழியாகவும் இத்தாலி வழியாகவும் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது.

போன இடமெல்லாம் காய்கள் அந்தந்த ஊர் உடையைப் போட்டுக்கொண்டன. யானையைப் பார்த்திராத நாட்டில் யானை பிஷப்பானது. தேர் கோட்டையானது. அரசன் பக்கத்தில் நின்ற மந்திரி அரசியாகி, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் பலகையிலேயே அதிகப் பலம் பெற்றாள். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831இல் கிடைத்த 12ஆம் நூற்றாண்டுக் காய்கள் பெரும்பாலும் வால்ரஸ் தந்தத்தில் செதுக்கியவை. அவற்றில் அரசனுக்கும் அரசிக்கும் வீரனுக்கும் முகம் இருக்கிறது. காலாளுக்கு மட்டும் முகமில்லை. நட்டுவைத்த கல் மாதிரி வெறும் தூணாக நிற்கிறான். காலாளுக்கும் ஒரு முகம் கிடைக்க இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின. இந்தப் பயணத்தின் மீதிக் கதை அதுதான்.

சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் சமம், நிலமும் சமம். ஆற்றைக் கடக்க வேண்டியதில்லை, மேட்டில் ஏற வேண்டியதில்லை, களைப்பில்லை, பயமில்லை. அறிவுக்கு அறிவு மோதும் ஆட்டமாக அதற்கு ஈடில்லை. ஆனால் போரைக் கற்றுக்கொள்ள அது போதவில்லை என்று ஜெர்மானிய நிலத்தில் ஒரு கணித ஆசிரியர் நினைத்தார். பிரன்ஸ்விக் அரசவையில் இளம் பிரபுக்களுக்குப் பாடம் நடத்திய யோஹான் ஹெல்விக், 1780இல் சதுரங்கத்தை விரித்தெடுத்தார். அவருடைய பலகையில் 1,617 கட்டங்கள். மலை, சதுப்பு, தண்ணீர் ஒவ்வொன்றுக்கும் தனி நிறம். பதினேழு ஆண்டுகள் கழித்து வென்டுரினி என்பவர் அதை 3,600 கட்டங்களாக்கினார். ஆட்டம் பெரிதானது, கணக்கும் சிக்கலானது. ஆனாலும் கட்டம் கட்டமாகவே இருந்தது.

கட்டத்தை அழித்தவர்கள் பிரஷ்யாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்ற அப்பாவும் பிள்ளையும். 1812இல் அப்பா, அரசர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியமுக்காக ஒரு மேசை செய்துகொடுத்தார். ஏறத்தாழ ஆறடிச் சதுரம். அதன் மேல் மலையும் ஆறும் சாலையும் புடைத்து நிற்கும் துண்டுகளை விரும்பியபடி மாற்றி அடுக்கலாம். படைகளும் அளவுகோல்களும் இழுப்பறைகளில். அரச குடும்பம் அதை விரும்பி விளையாடியது. பிள்ளை பீரங்கிப்படை அதிகாரி. அவர் 1824இல் ஆட்டத்தை மேசையிலிருந்து வரைபடத்துக்கு மாற்றி, எந்தப் படை முகாமிலும் ஆடக்கூடியதாக்கினார். எட்டாயிரத்தில் ஒரு பங்கு அளவு வரைபடம், சின்ன உலோகக் கட்டைகள், ஒவ்வொரு முறை நகர்வுக்கும் இரண்டு நிமிடப் போர்க்காலம், நடுவில் ஒரு நடுவர், அதிர்ஷ்டத்துக்குப் பகடை. எதிரி கண்ணில் படும்வரை அவன் கட்டையை நடுவர் வரைபடத்தில் வைக்கமாட்டார். படைத்தலைமை அதை ஏற்றுப் படைப்பிரிவுகளுக்கெல்லாம் பரிந்துரைத்தது. ஆனால் அதை உருவாக்கிய இளைஞர் பொறாமைக்கும் புறக்கணிப்புக்கும் ஆளாகி, 1827இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். 1870-71 போரில் பிரான்சை பிரஷ்யா தோற்கடித்த பிறகுதான் உலகப் படைகள் எல்லாம் அவருடைய ஆட்டத்தைத் தேடிப் படித்தன.

அன்றிலிருந்து இது படை அதிகாரிகளின் கருவி. இன்றும் நம் ராணுவப் பயிற்சியில் தரையில் மணலைக் குவித்து மலையும் பள்ளத்தாக்கும் செய்து, அதைச் சுற்றி நின்று திட்டம் போடுவது வழக்கம். இரண்டாம் உலகப் போரில், 1942இல், லிவர்பூலில் ஒரு கட்டடத் தரையில் சாக்பீஸ் கோடுகள் போட்டு அட்லாண்டிக் கடலை விரித்தார்கள். கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் தலைமையில் கடற்படை மகளிர் பிரிவின் இளம்பெண்கள் அந்தத் தரையில் கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் நகர்த்தி, ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல் கூட்டத்துக்குள் எப்படி நுழைகின்றன என்று கண்டுபிடித்தார்கள். அவர்கள் வகுத்த எதிர்த்தந்திரங்களை நடுக்கடலில் இருந்த கப்பல்கள் பின்பற்றின. பல ஆண்டு கடலில் கழித்த அதிகாரிகள் அந்தத் தரையில் வந்து பாடம் படித்துவிட்டுப் போனார்கள்.

ஈயத்தில் வார்த்த மதராஸ் சிப்பாய்

இன்னொரு பக்கம், அரண்மனைக்கும் படைமுகாமுக்கும் வெளியே, பொம்மைக் கடையில் காலாளுக்கு முகம் கிடைத்துக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நூரெம்பர்க் பட்டறைகள் தகரமும் ஈயமும் கலந்து தட்டையான சிப்பாய்களை வார்த்து ஐரோப்பா முழுக்க அனுப்பின. 1893இல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் நிறுவனம் ஒரு புது முறையைக் கொண்டுவந்தது. உருகிய ஈயக் கலவையை வார்ப்பில் ஊற்றுவார்கள். சுவரோரம் மட்டும் உறைந்து தோலாகப் பிடித்ததும், நடுவில் இன்னும் குழம்பாக இருப்பதைக் கவிழ்த்து வெளியே கொட்டிவிடுவார்கள். உள்ளே வெற்றிடம், வெளியே முழு உருவம். ஒரு கணம் முந்தினால் பொம்மை உருப்படாது, ஒரு கணம் பிந்தினால் ஈயம் வீணாகும். கைப்பக்குவத்தில் நின்ற வேலை அது. ஈயம் மிச்சமானதால் விலை இறங்கியது, எடையும் குறைந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பையனும் ஒரு படை வைத்துக்கொள்ள முடிந்தது.

அந்த நிறுவனம் பிரிட்டிஷ் பேரரசின் படைகளையெல்லாம் வார்த்தது. அவற்றில் வங்கக் குதிரைப்படையும் இருந்தது, மதராஸ் காலாட்படையும் இருந்தது. இரண்டு அங்குல உயரத்தில், துப்பாக்கியோடு, கறுத்த முகமும் தலைப்பாகையுமாக ஒரு மதராஸ் சிப்பாய் லண்டன் குழந்தையின் தரையில் நடந்தான். காலாள் என்ற பெயரில் இந்தியாவை விட்டுக் கிளம்பியவன், ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்குப் பிறகு நம் ஊர் முகத்தோடு அங்கே வந்து நின்றான். அந்த முகத்தைத் தீட்டிய தொழிலாளர்களில் மதராசைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனாலும் தலைப்பாகையின் மடிப்புக்கும் சட்டையின் நிறத்துக்கும் அவர்கள் கவனம் கொடுத்தார்கள். சதுரங்கப் பலகையில் முகமில்லாமல் நின்றவனுக்கு இது பெரிய மாற்றம்.

பொம்மை இருந்தது, விதி இல்லை. பையன்கள் கோலியை உருட்டிச் சிப்பாய்களைச் சாய்த்தார்கள். நாவலாசிரியர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் தங்கியிருந்த குளிர்காலங்களில் மனைவியின் மகனோடு சேர்ந்து நாள்கணக்கில் பொம்மைப் போர் நடத்தினார். பிறகு ஹெச். ஜி. வெல்ஸ் வந்தார். காலயந்திரத்தையும் செவ்வாய்க்கிரகப் படையெடுப்பையும் எழுதிய அதே வெல்ஸ். பிரிட்டன் நிறுவனத்தின் பொம்மைப் பீரங்கி ஒன்று சின்ன மரக்குச்சியைச் சில கெஜ தூரம் குறி தவறாமல் சுடும். சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்த நண்பர் ஜெரோம் கே. ஜெரோம் அதை எடுத்து ஒரு பொம்மைச் சிப்பாயைக் குறிவைத்ததில் ஆட்டம் தொடங்கியது. வெல்ஸ் விதிகளை வகுத்து, 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு புத்தகமாக வெளியிட்டார். அந்தப் புத்தகத்தின் முடிவில் அவர் சொன்னது முக்கியம்: பொம்மைப் போரை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தவன், நிஜப் போர் எவ்வளவு பெரிய தடுமாற்றம் என்று உணர்வான். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் வெடித்தது. அவர் எச்சரிக்கையை யாரும் கேட்கவில்லை. புத்தகம் நாற்பது ஆண்டுகள் ஏறக்குறைய உறங்கிக் கிடந்தது.

சவுத்தாம்டன் மேசை

1918 மார்ச் 20 அன்று லண்டனில் பிறந்த ஃபெதர்ஸ்டோன், ஈயச் சிப்பாய்களோடு வளர்ந்த தலைமுறை. வளர்ந்ததும் நிஜப் போருக்கே போக வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படைப்பிரிவில் பணியாற்றி, இத்தாலிப் போர்முனையைக் கண்டவர். திரும்பி வந்து இயன்முறை மருத்துவரானார். சவுத்தாம்டன் கால்பந்து அணியின் வீரர்களுக்கும் சிகிச்சை அளித்தார். பகலில் மனித உடம்பின் வலியைக் கையால் தொட்டுச் சரிசெய்தவர், மாலையில் மேசைமேல் சிப்பாய்களை நிறுத்தினார். போர் என்றால் என்னவென்று தெரியாமல் விளையாடியவர் அவரில்லை.

1950களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜாக் ஸ்க்ரூபி என்பவர் மலிவு விலையில் சிப்பாய்களை வார்த்து, இந்த ஆட்டக்காரர்களுக்கென்று 1957இல் ஓர் இதழ் தொடங்கினார். கடலுக்கு மறுபக்கம் இங்கிலாந்தில் அவருக்குத் தோள்கொடுத்தவர்கள் ஃபெதர்ஸ்டோனும் அவர் நண்பர் டோனி பாத்தும். 1961இல் ஃபெதர்ஸ்டோன் சவுத்தாம்டனில் ஆட்டக்காரர்களைத் திரட்டி ஒரு மாநாடு நடத்தினார். 1962இல் தன் சொந்த மாத இதழைத் தொடங்கினார், 1980 வரை விடாமல் நடத்தினார். அதே 1962இல் வெளிவந்தது அவருடைய 'வார் கேம்ஸ்' புத்தகம்.

அந்தப் புத்தகம் செய்தது எளிய காரியம், ஆனால் அதுவரை யாரும் செய்யாதது. நூலகத்தில் அதை எடுத்த பன்னிரண்டு வயதுப் பையனுக்கு, அடுத்த சனிக்கிழமையே ஆட உட்காரும் அளவுக்கு எல்லாம் அதில் இருந்தது: சிப்பாய்களை எங்கே வாங்குவது, எப்படி வண்ணம் தீட்டுவது, அட்டையாலும் பஞ்சாலும் மலையும் மரமும் எப்படிச் செய்வது, குதிரைப்படை ஒரு முறைக்கு எத்தனை அங்குலம் போகும், துப்பாக்கி எவ்வளவு தூரம் பாயும், கைகலப்பில் யார் பின்வாங்குவது. அப்போதுதான் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் ஒரு சின்னப் பெட்டிக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் சிப்பாய்களை அடைத்து, பையன்களின் கைக்காசுக்கு எட்டும் விலையில் விற்கத் தொடங்கியிருந்தது. மலிவான பொம்மையும் தெளிவான புத்தகமும் ஒரே நேரத்தில் வந்தன. அரசருக்கென்று செய்த மேசையில் தொடங்கிய ஆட்டம், சமையலறை மேசைக்கு வந்து சேர்ந்தது.

அவருடைய விதிகள் சில பக்கங்களில் முடிந்துவிடும். அதைவிட முக்கியம், அவற்றை வேதமாக வைத்துக்கொள்ளச் சொல்லாததுதான். மூன்று வெவ்வேறு காலத்துக்கு மூன்று மாதிரி ஆட்டங்களைப் புத்தகத்தில் ஆடிக் காட்டினார். அவற்றில் இரண்டு காலங்களுக்கு நண்பர்களின் விதிகளை அவர்கள் பெயரோடே கொடுத்தார். படித்துப் பாருங்கள், உங்கள் போருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது. கடற்போர், வான்போர், சில பேர் மட்டும் மோதும் சிறு சண்டை, துணைக்கு ஆளில்லாதவர் தனியே ஆடும் முறை என்று ஒவ்வொன்றுக்கும் புத்தகம் எழுதினார். நாற்பதுக்கும் மேற்பட்ட நூல்கள். பஞ்சாபில் சீக்கியர்களும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மோதிய போர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

விதியைத் திறந்தே வைத்ததன் பலன் பெரிது. ஆளுக்கொரு ஊரில் ஆளுக்கொரு விதி பிறந்தது. அமெரிக்காவில் இதே ஆட்டக்காரர் கூட்டத்திலிருந்து வந்த கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும், ஒரு படைக்குப் பதிலாக ஒரே ஒரு வீரனை ஒருவர் கையில் கொடுத்தால் என்ன என்று கேட்டு, 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை வெளியிட்டார்கள். இன்று கைபேசியில் ஒரு பாத்திரத்தை வளர்த்து, பலம் ஏற்றி, அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகும் நம் பிள்ளைகள் அந்த வழியில் வந்தவர்கள்தான். முகமில்லாத காலாள் கடைசியில் பெயரும் கதையும் உள்ள ஒருவனாக ஆனான்.

இந்த வரிசையில் ஒவ்வொருவரும் ஒன்றைக் கூட்டினார்கள். ஹெல்விக் நிலத்தைச் சேர்த்தார், ரைஸ்விட்ஸ் நடுவரையும் பகடையையும் சேர்த்தார், வெல்ஸ் மகிழ்ச்சியைச் சேர்த்தார். ஃபெதர்ஸ்டோன் ஆட்களைச் சேர்த்தார். ஆடு புலி ஆட்டம் எங்கள் பக்கத்தில் எப்போதும் எல்லோருடையதாகவும் இருந்தது. ஐரோப்பாவில் அரசர்களிடமிருந்தும் அதிகாரிகளிடமிருந்தும் அந்தப் பொதுத்தன்மையை மீட்டெடுக்க ஒரு இயன்முறை மருத்துவர் தேவைப்பட்டார். அவரை முன்னோடி என்று நான் கும்பிடுவது இதனால்தான்.

வாசுதேவநல்லூர் ஒரு மேசையில்

அவருக்கு உரிய மரியாதை, அவர் சொன்னபடி நம் போரை நாமே மேசையில் ஏற்றுவது. அதற்கு இந்தப் பக்கத்தைவிட நல்ல இடம் கிடைக்காது. ராஜபாளையத்திலிருந்து தெற்கே சேத்தூர், சிவகிரி தாண்டினால் வாசுதேவநல்லூர். அதை ஒட்டி நெற்கட்டும்செவல், கம்பெனியை எதிர்த்த பாளையக்காரர் பூலித்தேவரின் மண். ஸ்ரீவில்லிபுத்தூரும் கொல்லங்கொண்டானும் அவர் காலத்துப் போர்களில் அடிபட்ட ஊர்கள்தான்.

1760ஐ ஒட்டிய ஆண்டுகளில் கம்பெனிக்காகவும் ஆற்காட்டு நவாபுக்காகவும் படை நடத்திய யூசுப் கான், வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்டார். கல் கோட்டையில்லை, மண் கோட்டை. ஆனால் இறுகிக் கெட்டித்துப் போன மண். மேற்கே கூப்பிடு தூரத்தில் மலையும் காடும். பீரங்கியால் சுவரில் பிளவு உண்டாக்கி, யூசுப் கானின் ஆட்கள் உள்ளே நுழையத் துணிந்த நேரத்தில், பூலித்தேவர் தன் வீரர்களோடு வந்து அவர்களுடைய பாசறையைப் பின்னாலிருந்து தாக்கினார். கோட்டைக்குள் இருந்தவர்களும் விடவில்லை. யூசுப் கான் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று.

இதை மேசைக்குக் கொண்டுவருவது ஒரு வார வேலை. ஒரு பழைய பச்சைப் போர்வையை விரித்து, ஒரு ஓரத்தில் அடியில் புத்தகங்களை அடுக்கினால் மலை ஆகிவிடும். கண்மாய்க் களிமண்ணைப் பிசைந்து சுவர் எழுப்பலாம். அதே களிமண்ணில் விரலளவு ஆட்களைப் பிடித்து நிழலில் உலர்த்தலாம். தலை வெடிக்காமல் இருக்க கழுத்துக்குள் ஒரு ஈர்க்குச்சியைச் செருகி அதன்மேல் தலையை அமுக்க வேண்டும். பாளையக்காரர் ஈட்டிக்கு மருந்து வைக்காத தீக்குச்சி, சிவகாசிப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமா? அதை நுனியில் சீவினால் போதும். கம்பெனிச் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை.

பிறகு விதி. பயிற்சி பெற்ற சிப்பாய் ஒரு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை சுடலாம், ஆனால் அந்தக் காலத் துப்பாக்கியில் குறி நூறு கெஜத்துக்கு மேல் நம்பத்தக்கதில்லை. அதனால் அவர்களுக்கு அடர்ந்த வரிசையில் நிற்கும்போது சுடும் பலம் அதிகம், காட்டுக்குள் பாதி. பாளையக்காரர் வீரர்கள் முட்காட்டில் வேகம் குறையாமல் நகர்வார்கள், நெருங்கிவிட்டால் ஈட்டிப் பலம் அதிகம், வெட்டவெளியில் பீரங்கிக்கு எதிரே நின்றால் கலைந்துவிடுவார்கள். பீரங்கிக்காரர் ஒவ்வொரு முறையும் பகடை உருட்டி, சுவரில் எவ்வளவு மண் உதிர்ந்தது என்று கணக்கு வைப்பார். பூலித்தேவராக ஆடுகிறவர் எந்த முறையில், எந்தத் திசையிலிருந்து வருவார் என்பதை ஒரு தாளில் எழுதி மடித்து நடுவரிடம் கொடுத்துவிடுவார். யூசுப் கானாக ஆடுகிறவர் அது தெரியாமல், பாசறைக் காவலுக்கு எத்தனை பேரை நிறுத்துவது, சுவரை நோக்கி எத்தனை பேரை அனுப்புவது என்று முடிவெடுக்க வேண்டும். ரைஸ்விட்ஸ் சொன்ன நடுவரும் ஆடு புலியின் சமமின்மையும் ஒரே மேசைக்கு வந்துவிடுகின்றன. சதுரங்கம் சொல்ல முடியாத பூலித்தேவரின் கதையை இது சொல்லும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கத்துப் பள்ளிகளில் வரலாறு சொல்லித்தரும் ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதைத்தான். ஒரு கோடை விடுமுறையில் இந்த மேசையைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பாருங்கள். கூமாப்பட்டிப் பையனுக்கு மலைச்சரிவில் எங்கே ஏற முடியும், ஓடை எங்கே வழிவிடும் என்று பாடப்புத்தகத்தைவிட நன்றாகத் தெரியும். அந்த அறிவுக்கு இந்த மேசையில் மதிப்பெண் உண்டு.

முதல் ஆட்டத்தில் பூலித்தேவராக ஆட எல்லாரும் அடித்துக்கொள்வார்கள். அது நியாயம்தான். ஆட்டம் முடிந்ததும், ஆடு புலிக்காரர்கள் செய்வதுபோல் பக்கம் மாறி உட்காரச் சொல்லுங்கள். யூசுப் கானாக உட்காரும் பிள்ளை, தான் நகர்த்தும் சிவப்புச் சட்டைக்காரர்களில் பெரும்பாலோர் கூலிக்காக வந்த நம் மண்ணின் ஏழைகள் என்பதையும், அந்த யூசுப் கானே ராமநாதபுரம் சீமையில் பிறந்து, கடைசியில் அதே எஜமானர்களை எதிர்த்து, 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டார் என்பதையும் தெரிந்துகொண்டே பகடையை உருட்ட வேண்டும். ஒவ்வொரு முறை ஒரு களிமண் ஆளை எடுத்து ஓரம் வைக்கும்போதும் அவன் யார், ஏன் இங்கே வந்தான் என்ற கேள்வி அந்தப் பிள்ளைக்கு வர வேண்டும். போரை நேரில் கண்டு திரும்பிய ஃபெதர்ஸ்டோன் இந்த விளையாட்டை ஊரெல்லாம் பரப்பியதற்கு இதைவிடப் பெரிய பலன் இருக்க முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.